ஐப்பசியில் ஒரு மனு, சித்திரையில் ஒரு மனு: மதுரைக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்கத்தாருக்கு,

செல்லூர், ஆலங்குளம், முல்லை நகர், ஆனையூர், வண்டியூர், மாடக்குளம் என்று மதுரையின் கண்மாய்க் கரைகளையும் வாய்க்கால் ஓரங்களையும் ஒட்டிக் குடியிருப்பவர்கள் நீங்கள். உங்கள் சங்கங்கள் ஆண்டுக்கு இரண்டு மனு எழுதுகின்றன. ஐப்பசி மனு, தெருவில் நிற்கும் தண்ணீரை உடனே வெளியேற்றித் தாருங்கள் என்று கேட்கும். சித்திரை மனு, குழாயில் தண்ணீர் வரவில்லை, லாரியாவது அனுப்பி வையுங்கள் என்று கேட்கும். மாநகராட்சி இரண்டையும் வெவ்வேறு கோப்பில் போடுகிறது, வெவ்வேறு பொறியாளர் பார்க்கிறார். இரண்டும் ஒரே தண்ணீரைப் பற்றிய மனுக்கள் என்பதை அவர்களும் சொல்வதில்லை, நீங்களும் சொல்வதில்லை. இதை அமைச்சருக்கோ ஆணையருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. அவர்கள் பெரும்பாலும் நீங்கள் கேட்பதைத்தான் கட்டுகிறார்கள். நீங்கள் வடிகால் கேட்டீர்கள், வடிகால் வருகிறது. இனிப் பெய்யப்போகும் மழைக்கு வடிகால் மட்டும் போதாது என்பதும், நீங்கள் கேட்க வேண்டியது வேறொன்று என்பதும்தான் என் வாதம்.

2024 அக்டோபர் 25-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது, கடைத்தெருவில் கூட்டம் நெரிந்த வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கால் மணி நேரத்தில் 4.5 செ.மீ. கொட்டியது. அன்றைய மொத்தம் 9.8 செ.மீ. செய்திகள் மொத்தத்தைப் பெரிதாகப் போட்டன. உற்றுப் பார்க்க வேண்டியது அந்தக் கால் மணி நேரத்தைத்தான். மழைமானி காட்டிய அளவு ஒரு சதுர கிலோமீட்டர் குடியிருப்பு முழுவதும் பெய்ததாக வைத்துக் கணக்குப் போடுங்கள்: 4.5 கோடி லிட்டர். பதினைந்து நிமிடத்துக்கு வகுத்தால் விநாடிக்கு 50,000 லிட்டர். நீர்வளத் துறைக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 1,765 கன அடி. அதில் பாதி மண்ணிலும் பள்ளத்திலும் மொட்டை மாடியிலும் தங்கிவிட்டது, மீதிப் பாதிதான் ஓடியது என்று தாராளமாகவே கழித்துவிடுங்கள். அப்போதும் 880 கன அடி நிற்கிறது. வைகை அணையிலிருந்து பெரியாறு பிரதான கால்வாயின் இருபோகப் பாசனத்துக்கு, 45,041 ஏக்கர் வயலுக்குத் திறந்துவிடுவதே விநாடிக்கு 900 கன அடி. ஒரு பாசனப் பகுதிக்கே போதுமான ஓட்டம், ஒரே ஒரு சதுர கிலோமீட்டர் தெருக்களிலிருந்து கால் மணி நேரத்துக்குப் புறப்பட்டிருக்கிறது. பெரியாறு கால்வாயின் அகலத்துக்கு உங்கள் வார்டில் ஒரு வடிகால் வெட்ட வேண்டுமானால் யாருடைய வீட்டை இடிப்பது?

இந்தக் கால் மணி நேர மழை ஏன் முக்கியம் என்பதற்கு இயற்பியல் ஒன்று இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். நமக்கு மழை கொண்டுவரும் இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு, 1951-க்கும் 2015-க்கும் இடையில் சராசரியாக 1 டிகிரி அளவுக்குச் சூடேறியிருப்பதாக இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. ஆக, மேகம் திரளும் நேரத்தில் கைவசம் இருக்கும் ஈரம் முன்பைவிட அதிகம். அந்த ஈரம் குளிர்ந்து நீராகும்போது வெளிவிடும் வெப்பம், மேகத்தை இன்னும் மேலே தள்ளி, சுற்றுவட்டாரத்து ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. ஆனால் உலகத்தின் மொத்த மழையளவு அதே வேகத்தில் கூடுவதில்லை, டிகிரிக்கு 1 முதல் 3 விழுக்காடுதான். கொட்டும் மழை 7 விழுக்காடு கூட, மொத்தம் சுமார் 2 விழுக்காடுதான் கூடுகிறது என்றால், இடையில் எங்கோ குறைந்தாக வேண்டும் அல்லவா? தூறலும் மிதமான மழையும் பெய்த நாட்களில்தான் அது குறைகிறது. மழை நாட்கள் சுருங்கி, பெய்யும் நேரத்தில் ஒரேயடியாகப் பெய்து, அடுத்த மழைக்கு நெடுநாள் காய வைப்பது இப்படித்தான். உங்கள் ஐப்பசி மனுவும் சித்திரை மனுவும் ஒரே தண்ணீரைப் பற்றியவை என்று சொன்னது இதை வைத்துத்தான்.

ஒரு நாள் மழையை வைத்துப் பருவநிலை மாற்றம் என்று பயமுறுத்தாதே, 1955 அக்டோபரில் இதைவிடப் பெரிய மழை பெய்திருக்கிறது என்று உங்களில் மூத்தவர்கள் சொல்லக்கூடும். நியாயமான மறுப்பு. தனியொரு மழையைக் காட்டி, இது புவி வெப்பமடைந்ததால் மட்டுமே வந்தது என்று சொன்னால் நானும் நம்ப மாட்டேன். பெருமழை பழைய காலத்திலும் பெய்தது. கேள்வி, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பது. ஐ.நா.வின் பருவநிலை அறிஞர் குழு 2021-இல் தந்த அறிக்கையின்படி, பழைய காலத்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த ஒருநாள் பெருமழை, உலக நிலப்பரப்பின் சராசரியில் இப்போது 1.3 மடங்கு அடிக்கடி வருகிறது. புவி வெப்ப உயர்வு 2 டிகிரியைத் தொட்டால் 1.7 மடங்கு ஆகும். நம் மாநிலத்தின் அண்மைக் காலத்தைப் பாருங்கள். 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்தது, நூறாண்டுக்கும் மேலான பதிவில் மிக மோசமான ஆண்டுகளில் ஒன்று. 2021-இல் அதே பருவமழை இயல்பைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதல். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. மதுரையின் ஓராண்டுச் சராசரியே சுமார் 85 செ.மீ.தான். 1955-ஐ நினைவில் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்று: அன்றைய மழை விழுந்த மதுரையில் இத்தனை சிமென்ட் தரை இருந்ததா? அன்று வயலும் கண்மாயும் வாங்கிக்கொண்ட மழையை இன்று உங்கள் வரவேற்பறை வாங்கிக்கொள்கிறது.

வறட்சிப் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஐப்பசியில் வெள்ளத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடுவது நம் வழக்கம். 2016 பொய்த்த மறு கோடையில், 2017 ஏப்ரலில், தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார் அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜு. காற்றடித்து அவை கரை ஒதுங்கின, நாடே சிரித்தது, இன்றும் சிரிக்கிறது. வழி சிரிப்புக்குரியதுதான். கவலை சிரிப்புக்குரியது அல்ல. கூடுதல் நீராவியைத் தாங்கும் அதே சூடான காற்று, மழையில்லாத மாதங்களில் அணையிலிருந்தும் கண்மாயிலிருந்தும் மண்ணிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சவும் செய்கிறது. மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணும் திருமங்கலத்துக் கரிசலும் முன்பைவிடச் சீக்கிரம் காய்கின்றன. காய்ந்து இறுகிய தரையில் கால் மணி நேர மழை விழுந்தால் உள்ளே இறங்க அவகாசமில்லை, வழிந்து ஓடிவிடும். நிலத்தடி நீர் ஊற, மெதுவாகப் பெய்யும் மழை வேண்டும், இல்லாவிட்டால் வேகமாகப் பெய்ததை மெதுவாக வைத்திருக்கும் இடமாவது வேண்டும். முதலாவது நம் கையில் இல்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை லோயர் கேம்பிலிருந்து குழாயில் கொண்டுவரும் திட்டத்தை நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். நல்ல திட்டம்தான், வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் அதுவும் மழையை நம்பிய அணைத் தண்ணீர்தான். அதுவும் தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று நான்கைந்து மாவட்டத்து உழவர்கள் கண்வைத்திருக்கும் தண்ணீர்.

அந்த இரண்டாவது வழியை, வைத்திருக்கும் இடத்தை, இந்த நிலம் முன்பே செய்து வைத்திருந்தது. வைகைக்கு இருபுறமும் கண்மாய்கள் தனித்தனியாக இல்லை, சங்கிலியாக இருந்தன. மேலே உள்ளது நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்ததற்கு அதுவே வரத்து. வடபகுதியில் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகளில் ஒன்று செல்லூர்க் கண்மாய், அதன் மறுகால் பந்தல்குடி வாய்க்கால் வழியே வைகைக்குப் போகிறது. மறுகால் பாயும் கலுங்கைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பழைய கலுங்கின் மேல் முழங்கால் உயரக் குத்துக்கற்கள் வரிசையாக நட்டிருக்கும். அவை அலங்காரத்துக்கு அல்ல. பெருமழைக் காலத்தில் கற்களுக்கு இடையே திறந்தே விட்டிருப்பார்கள், வரும் வெள்ளம் தடையில்லாமல் வழிந்துவிடும். மழை ஓயும் தறுவாயில் அந்த இடைவெளிகளில் மண்ணும் புல்கட்டையும் வைத்து அடைத்து, இன்னும் ஓரடி, இரண்டடி தண்ணீரைக் கூடுதலாகப் பிடித்து வைப்பார்கள். ஒரே கட்டுமானம் வெள்ளத்தையும் கோடையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தது. எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்று பார்த்துச் செய்ய ஊரில் ஓர் ஆள் பொறுப்பாக இருந்தார், நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். நகரத்துக்குள் வந்துவிட்ட கண்மாய்களுக்கு இன்று அப்படி ஓர் ஆள் உண்டா? ஆயக்கட்டு வயல் வீட்டுமனையானதோடு அந்த வேலையும் போயிற்று. கண்மாய் மட்டும் யாரும் திறக்காத, யாரும் அடைக்காத ஒன்றாகக் கிடக்கிறது.

உங்களுக்குக் கோபம் வரும் இடத்துக்கு இப்போது வருகிறேன். நாங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் அல்ல, பட்டா இருக்கிறது, அங்கீகாரம் பெற்ற மனை, வங்கிக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பீர்கள். உண்மை. கண்மாய் ஓரத்துக் குடிசையை ஒரே நாளில் அகற்றும் அரசு, பெரிய கட்டடம் என்றால் தயங்குவதையும் பார்த்திருக்கிறோம். நீர்நிலைகளைக் காக்கச் சொல்லி அடுத்தடுத்து உத்தரவிடும் உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய் இருந்த நிலத்தில்தான் நிற்கிறது. உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. ஆனால் உங்கள் பட்டா மழைக்குத் தெரியாது. ஆயக்கட்டில் மனை போட்டவர் வாய்க்காலை மூடித்தான் விற்றார், உள்ளூர்த் திட்டக் குழுமம் வரைபடத்தில் அதைப் பாதையாகக் காட்டியபோது யாரும் தடுக்கவில்லை. அதற்கு மேல் நாம் செய்து கொண்டவையும் உண்டு. வாசலில் ஒரு முழம் மண் விடாமல் பேவர் பிளாக் பதிக்கிறோம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடும்போது, ரோடு வந்ததே போதும் என்று வாயை மூடிக்கொள்கிறோம். நாலு முறை போட்டால் வீடு பள்ளமாகிவிடுகிறது. பிறகு ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குபவரைத் தேடுகிறோம். தூக்கிய வீட்டிலிருந்து வழியும் தண்ணீர் தூக்க முடியாத பக்கத்து வீட்டுக்குள் போகிறது. 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி எத்தனை வீட்டில் இன்று வேலை செய்கிறது என்று உங்கள் தெருவில் மட்டும் எண்ணிப் பாருங்கள். அது இருந்தாலும் முழுத் தீர்வு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1,200 சதுர அடி மாடியில் அன்று கால் மணி நேரத்தில் விழுந்தது 5,000 லிட்டர். எந்த வீட்டுக் குழியும் அந்த வேகத்தில் அதைக் குடிக்காது. தொட்டியும் வேண்டும், அதற்கு மேல் ஊர்ப் பொதுவில் ஒரு கொள்ளிடமும் வேண்டும்.

அரசு சும்மா இருக்கவில்லையே என்பீர்கள். இல்லைதான். அந்த அக்டோபர் வெள்ளத்துக்குப் பிறகு செல்லூர்க் கண்மாயின் உபரிநீரை வைகையில் சேர்க்க 11.9 கோடி ரூபாயில் சிமென்ட் கால்வாய் அறிவிக்கப்பட்டது. அதை நான் எதிர்க்கவில்லை. மறுகால் நீருக்கு வழி வேண்டும். ஆனால் அதோடு கதை முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. கால்வாய் தண்ணீரைக் கடத்தும், வைத்திருக்காது. வைகையிலேயே வெள்ளம் ஏறி ஓடும் நாளில் அதன் வாய் அடைத்துக்கொண்டதுபோல் ஆகிவிடும், வடிய வேண்டியது பின்னோக்கி நிற்கும். வடிந்துவிட்டாலும், உங்கள் தெருவின் சாக்கடையோடு கலந்து விரகனூர் தாண்டிக் கீழே போன தண்ணீர் சித்திரையில் திரும்பி வராது. அழகர் இறங்க அணையைத் திறந்து தண்ணீர் விட வேண்டிய ஆறு நம் ஆறு. பந்தல்குடி வாய்க்காலைப் பற்றி இன்னொன்று. 2025 மே 31 அன்று முதலமைச்சர் வந்தபோது அந்த வாய்க்கால் கண்ணில் படாமல் ஓரத்தில் துணி கட்டி மறைத்தார்கள். படம் ஊரெல்லாம் பரவ, அவரே வந்து பார்த்துவிட்டுப் போனார். துணி கட்டியவர்களை விடுங்கள். அந்த வாய்க்காலைப் பார்க்காமலே கடந்துபோகப் பழகியவர்கள் நாம் எல்லோரும்தான்.

கண்மாயில் தண்ணீர் நிறுத்தினால் கொசுவும் நாற்றமும்தான் மிச்சம், வெங்காயத்தாமரை மண்டும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும் என்ற மறுப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அந்தக் கரையில் வாழ்ந்து பார்த்தவர்களின் பேச்சு அது. ஆனால் நாறுவது மழைநீர் அல்ல. பாதாளச் சாக்கடை இணைப்புக் கிடைக்காத தெருக்களின் கழிவு, வரத்துக்கால் வழியே கண்மாய்க்குள் இறங்குகிறது. கிருதுமால் நதி என்று ஒரு நதி இந்த நகரத்துக்குள் ஓடியதை மறந்து அதைச் சாக்கடை என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம், அதே வழியில்தான் கண்மாய்களும் போகின்றன. கழிவைத் தனியே பிரிக்கக் கேட்பதற்குப் பதில் தண்ணீரே வேண்டாம் என்று கேட்பது, கேட்கக் கூடாததைக் கேட்பது. தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் 2023-இல் கண்மாய்கள் உடைந்துதானே ஊர்கள் மூழ்கின என்பாரும் உண்டு. உடைந்தன. 95 செ.மீ. மழையைத் தாங்கும் கண்மாய் எதுவும் கிடையாது, இருக்கிறது என்று நான் சொன்னால் அது பொய். அப்படி ஒரு நாள் வந்தால் முன்கூட்டியே மக்களை அப்புறப்படுத்துவதுதான் வழி. ஆனால் நம்மை ஆண்டுதோறும் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நிறுத்துவது ஐந்து, பத்து, பதினைந்து செ.மீ. மழை. தூர் வாரிய கண்மாயும் பலமான கரையும் அடைபடாத கலுங்கும் தாங்கக்கூடிய அளவு அது.

புகையைக் கக்கியது அமெரிக்காவும் சீனாவும், நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது, பயன் இல்லை. அந்தப் பழியை உலக மாநாடுகளில் பேசட்டும், பேசத்தான் வேண்டும். நான் உங்களிடம் கரியமில வாயுவைக் குறைக்கச் சொல்லவில்லை. மதுரை முழுதும் நாளையே புகை விடுவதை நிறுத்தினாலும் அடுத்த ஐப்பசி மேகத்தின் ஈரம் குறையாது. மேகத்தில் நமக்குப் பிடிமானம் இல்லை. அது இறங்கும் தரை மட்டும் நம் கையில் இருக்கிறது.

ஆகவே இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூடும் உங்கள் பகுதி சபைக் கூட்டத்தில், வழக்கமான வடிகால் மனுவை ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு தீர்மானத்தைப் போடுங்கள். உங்கள் கண்மாயின் எல்லையையும், வரத்துக்கால், மறுகால் இரண்டின் அளவையும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டிலும் புலப்பட வரைபடத்திலும் உள்ளபடி அளந்து கல் நட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, அதைக் குடிசையில் தொடங்காமல் வாய்க்காலை மறித்து நிற்கும் பெரிய கட்டடத்தில் தொடங்கச் சொல்லுங்கள். இனி எந்தக் கண்மாயின் உள்வாயிலும் நடைபாதையோ பூங்காவோ போட்டு அழகுபடுத்தும் வேலை நீரின் கொள்ளளவைக் குறைக்கக் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். நீர்வளத் துறையைக் கேட்டால் மாநகராட்சியைக் காட்டுகிறது, மாநகராட்சியைக் கேட்டால் நீர்வளத் துறையைக் காட்டுகிறது, இந்த விளையாட்டு போதும். ஒவ்வொரு நகரக் கண்மாய்க்கும் மடையையும் மறுகால் கதவையும் இயக்கப் பெயர் சொல்லி ஓர் ஆளை நியமிக்கச் சொல்லுங்கள். வானிலை மையம் கனமழை என்று அறிவித்ததும் கண்மாயில் இடம் உண்டாக்கவும், மார்கழி கடைசியில் அடைத்துப் பிடித்து வைக்கவும் அவருக்கு அதிகாரம் வேண்டும். அவருடைய கைப்பேசி எண் கண்மாய்க் கரைப் பலகையில் இருக்க வேண்டும். ரோடு போட வருபவரிடம், பழையதைச் சுரண்டிய பிறகுதான் புதியது என்று மறித்து நில்லுங்கள். உங்கள் வாசலில் மூன்றடி மண்ணைத் திறந்து விடுங்கள், அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. இவற்றால் உங்களில் சிலருடைய மனையில் சில அடி நிலம் போகலாம், ஒரு வாகன நிறுத்தம் போகலாம், அதையும் சபையில் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். தீர்மானத்தின் ஒரு படியைச் சித்திரையில் தண்ணீர் கேட்டு எழுதும் மனுவோடும் இணைத்து அனுப்புங்கள், இரண்டு கோப்பும் ஒரே மேசைக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்